தொங்கல் வீட்டுக்கு ஒரு இலக்கம்

இந்த முறை லண்டனிலிருந்து இலங்கை வந்து மூன்று வாரம் ஊரில் இருந்தேன். ஹட்டனில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, கடைசித் தூரத்தை ஆட்டோவில் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். பாதை முன்னைக்குப் பரவாயில்லை. போன் சிக்னலும் லயத்து வாசல்வரை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்வரை, வருகிறது. தபால் மட்டும் நான் சின்னப் பையனாக இருந்தபோது எப்படி வந்ததோ, இன்னும் அப்படியேதான் வருகிறது.

போய்ச் சேர்ந்த அன்று இரவே அத்தை ஒரு கடித உறையை எடுத்து என் கையில் கொடுத்தார். அவருடைய பேத்திக்கு அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம். பரீட்சை ஒரு வியாழக்கிழமை. கடிதம் அவள் கைக்கு வந்தது அடுத்த திங்கட்கிழமை. உறையின் பின்பக்கம் டவுன் தபாலகத்தின் முத்திரை இருந்தது. பரீட்சைக்கு எட்டு நாள் முந்திய தேதி. அந்தப் பிள்ளை உயர்தரம் முடித்து இரண்டு வருடம் காத்திருந்து வந்த முதல் அழைப்பு அது. "யாரைத் தம்பி குத்தம் சொல்றது? ஆபீசுல கட்டோட கட்டா கெடந்துருச்சு" என்றார் அத்தை. அவர் அவ்வளவு அமைதியாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை; மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து வைப்பார்கள். அந்தப் பக்கம் போகிற யாராவது எடுத்து வருவார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதும் உண்டு. எங்கள் டிவிஷனில் மட்டும் நான்கு செல்வராஜ் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. ஒருவருடைய அடகுக் கடிதத்தை இன்னொருவர் பிரித்துப் படித்துவிட, அதனால் வந்த மனஸ்தாபம் இன்னும் ஆறவில்லை. பதிவுத் தபால் என்றால் துண்டுதான் வரும். அதைக் கொண்டு டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். அடையாள அட்டை, நீதிமன்ற அழைப்பு, தனியாகப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் அனுமதி அட்டை எல்லாம் தபாலில் வருகிற நாட்டில் இது சின்னக் குறையில்லை.

டவுனில் வீட்டுக்கு வரிப்பண இலக்கம் இருக்கிறது, அதுவே முகவரியாகிவிடுகிறது. லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்து. அதனால் அதில் நான்கு தலைமுறை குடியிருந்தாலும் இலக்கம் கிடையாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய முடியாது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதுச் சபைகளும் வந்தன. சபை வந்தும் கதவில் இலக்கம் வரவில்லை.

நான் இருந்த இரண்டாவது ஞாயிறு கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். இளைஞர்கள் ஒரு மனு எழுதி வைத்திருந்தார்கள். மூடிக் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) ஓர் உப தபாலகம் வேண்டும், அதற்கென்று தனித் தபால் குறியீடு வேண்டும், லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீடுவரை ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் வேண்டும். நம் நாட்டுக் குறியீடு ஐந்து இலக்கம். 22 என்று தொடங்கினால் நுவரெலியா மாவட்டம்; ஹட்டன் 22000. எங்கள் தோட்டமும் சுற்றியுள்ள தோட்டங்களும் டவுனின் எண்ணுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. லண்டனில் என் தபால் குறியீட்டை மட்டும் சொன்னால் போதும், பத்துப் பதினைந்து வீடுகளுக்குள் என்னைத் தேடிப் பிடித்துவிடலாம்.

ஒரு பெரியவர் எழுந்து, தபாலாபீஸ் பிறகு வரட்டும், முதலில் இலக்கத்தைக் கேளுங்கள் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வாட்ஸப் வந்தபின் கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் உள்நாட்டுக் கடிதக் கட்டணமும் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏறிவிட்டது. இந்த நிலையில் புதிய உப தபாலகம் லேசில் கிடைக்காது. இலக்கத்துக்குப் பெயின்ட் டின்னும் ஒரு பதிவேடும் போதும். ஆனால் பிள்ளைகள் விடவில்லை, மூன்றையும் சேர்த்தே கேட்போம் என்றார்கள். கேட்பது அவர்கள் உரிமை, நான் வாயை மூடிக்கொண்டேன்.

மனுவின் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்ப நுவரெலியாவுக்கு நானும் கூடப் போனேன். 1894இல் கட்டிய அந்தச் செங்கல் தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் அப்படி நின்றதை நான் மதிக்கிறேன். கவுன்டரில் இருந்தவர் சிங்களவர், உடைந்த தமிழில் பொறுமையாகப் பேசி, உறையை நிறுத்துப் பார்த்தார். அப்புறம் அனுப்புநர் முகவரி இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோட்டத்து ஆபீஸ் முகவரியைப் போட்டால் பதில் அந்தக் கட்டுக்குள்தான் போய் விழும். அத்தையின் பேத்தி பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதி, அதன் கீழே டவுனில் எங்களுக்குப் பழக்கமான பலசரக்குக் கடையின் முகவரியை எழுதினாள். பதில் வந்தால் கடைக்காரர் போன் பண்ணுவார்.