குரூப் போட்டோவில் இல்லாதவரைச் சேர்க்க: மேட்ச் கலரா, கர்வ்ஸா, ஹார்மனைஸா?

காலமான அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்க்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர முடியாத அண்ணனை வரிசையில் நிறுத்த வேண்டும். ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. ஆளை வெட்டி எடுப்பது இன்று பெரிய காரியமில்லை. ஒட்டு வேலை என்று காட்டிக்கொடுப்பது வெளிச்சம்தான். போட்டோஷாப்பில் அதைச் சரிக்கட்ட மூன்று வழிகள் பரவலாகப் புழங்குகின்றன: ஒரு படத்தின் நிறத்தை இன்னொன்றுக்கு ஏற்றும் மேட்ச் கலர், வெளிச்சத்தையும் நிறத்தையும் வளைகோட்டால் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ், செயற்கை நுண்ணறிவே பொருத்திவிடும் ஹார்மனைஸ்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று இரண்டு படங்களிலும் பாருங்கள். தாடைக்குக் கீழே நிழலின் ஓரம் கூர்மையா, மங்கலா என்பதையும் பாருங்கள். மேட்ச் கலரும் கர்வ்ஸும் நிறத்தையும் அளவையும் மாற்றுமே தவிர, திசையை மாற்றா. திசை எதிர்ப்பக்கம் என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், முந்தானை வலத்தோளுக்கு ஏறிவிடும், முகத்து மச்சம் இடம் மாறும். வீட்டார் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். வேறு படம் கேட்டு வாங்குவதே மேல்.

மேட்ச் கலர் சில நொடிகளில் முடிந்துவிடும். மூலப்படத்தின், அதாவது குரூப் போட்டோவின், நிறச் சராசரியையும் பரவலையும் எடுத்து, வெட்டிய ஆள் இருக்கும் நம் லேயர்மீது (படத்தின்மேல் வைக்கும் தனி அடுக்கு) ஏற்றுகிறது. சிக்கலும் அதனால்தான்: மண்டபத்துச் சிவப்புப் பட்டும் சாமந்தி மாலையும் கணக்கில் சேர்ந்து, அப்பாவின் முகம் செங்கல் நிறமாகிவிடும். இரண்டு படங்களிலும் தோலை மட்டும் செலக்ட் செய்து, செலக்‌ஷனை வைத்தே நிறத்தைக் கணக்கிடும்படி இரண்டு டிக்குகளையும் போட்டுவிட்டு, விளைவைக் குறைக்கும் ஃபேடை 40 அளவில் வையுங்கள். இது பிக்சலையே மாற்றிவிடும், ஆகவே லேயரின் நகலில் செய்யுங்கள். ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த) படத்தில் மட்டுமே வேலை செய்யும்.

கர்வ்ஸ் நேரம் பிடிக்கும், ஆனால் பிடி நம் கையில் இருக்கும். அடுக்கின் உச்சியில் ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயரைத் தற்காலிகமாக வைத்து, நிறத்தை மறந்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரின் முடியில் மிகக் கறுத்த இடம், வெளிச்ச அளவைக் காட்டும் இன்ஃபோ பேனலில் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை) 22 என்றும், ஒட்டிய ஆளுக்கு 4 என்றும் இருந்தால், ஆளின் லேயரை மட்டும் பாதிக்கும்படி கிளிப் செய்த கர்வ்ஸின் கீழ் இடது முனையை மேலே தூக்கி அவருக்கும் 22 அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டு தெரிவதற்கு இந்தக் கறுப்பு வேறுபாடே பெரும்பாலும் காரணம். பலர் இதை விட்டுவிட்டு நிறத்தோடு மல்லுக்கட்டுவார்கள். பிறகு பிளாக் அண்ட் ஒயிட்டை அணைத்துவிட்டு, கன்ட்ரோலுடன் 3, 4, 5 அழுத்திச் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆள் பக்கத்தவரோடு கலந்து தெரியும்வரை அந்தச் சேனலின் கர்வை நகர்த்துங்கள். பகலில் எடுத்த படத்தை மஞ்சள் விளக்கு மண்டபத்தில் ஒட்டினால் நீலச் சேனலில்தான் அதிக வேலை.

முகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இருட்டாக்க இன்னொரு கர்வ்ஸ் லேயர் போட்டு, எங்கே விளைவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, ஃப்ளோ (வண்ணம் பாயும் அளவு) 3 முதல் 5 சதவீதம் உள்ள மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷால் தடவுங்கள். அந்த லேயர் கீழுள்ளதோடு கலக்கும் விதத்தை (பிளெண்ட் மோட்), வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டிக்கு மாற்றாவிட்டால் நிழலில் தோல் ஆரஞ்சடிக்கும்.

ஹார்மனைஸ் 2025 ஜூலையில் பீட்டாவாக வந்தது. 2021இல் வந்த நியூரல் ஃபில்டர் ஹார்மனைசேஷனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது நிறத்தையும் வெளிச்ச அளவையும் மட்டும் தொடும். புதியது தரையில் நிழல்கூட விழவைக்கும். சோபா, பைக், விளம்பரப் பொருள் என்றால் யோசிக்காமல் இதையே பயன்படுத்தலாம். முகம் வேறு சமாச்சாரம்: அது பிக்சலைப் புதிதாக உருவாக்குவதால், கண்ணிமையும் பல்வரிசையும் நூலளவு மாறக்கூடும். ஸ்கேன் செய்த பழைய படத்தில் மாற்றம் இன்னும் கூடும். அப்பாவைப் போன்ற யாரோ ஒருவர் நிற்பதை மகள் ஏற்கமாட்டாள். உடலையும் நிழலையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, முகத்தை மாஸ்க்கால் மறைத்து, அசல் முகத்தைக் கழுத்து நிறத்துக்குக் கர்வ்ஸால் இணைப்பது நல்ல சமரசம். ஹார்மனைஸுக்கு இணையமும் அடோபியின் ஏஐ பயன்பாட்டு கிரெடிட்டும் தேவை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மற்ற இரண்டு வழிகளிலும் தரை நிழலை நாமே வரைய வேண்டும். கீழுள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் முழுக் கறுப்பைத் தடவாமல், பக்கத்தவரின் நிழலிலிருந்தே நிறத்தை எடுங்கள். சூரியன் 45 டிகிரியில் இருந்தால் நிழல் ஆளின் உயரமே நீளும். 30 டிகிரியில் சுமார் 1.7 மடங்கு. காலடியில் ஓரம் கூர்மையாகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும். பின்வரிசையில் நிறுத்திவிட்டால் காலே தெரியாது, பாதி வேலை மிச்சம். ஆனால் முன்னால் இருப்பவரின் தோள் அவர்மீது போடும் மெல்லிய நிழலை மறக்கக் கூடாது.

ஒட்டிய ஆளும் மற்றவர்களைப் போலத் தெரிய நாய்ஸ் (படத்தின் பொடிப்புள்ளிகள்) சேர்ப்பதைக் கடைசிக்கு விடுங்கள். முதலிலேயே சேர்த்தால் கர்வ்ஸ் அதையும் சேர்த்து இழுத்துப் பொரிப்பொரியாக்கிவிடும்.