மரணப் பட்டியலா, ஆஸ்பத்திரிப் பதிவா?

பழைய நகரமொன்றில் மேகநோய் (சிபிலிஸ்) எவ்வளவு பரவியிருந்தது என்று கணிக்க எதைக் கையில் எடுப்பது? பேராதனையில் வரலாறு படிக்கும் நம் மலையகப் பிள்ளைகள் கேட்கிறார்கள். லண்டனை வைத்தே பார்ப்போம்.

கிடைப்பது
மரணப் பட்டியல்: வாராவாரம் அச்சானது, சுலபம்.
ஆஸ்பத்திரிப் பதிவு: அங்கொன்றும் இங்கொன்றும்.

நம்பகம்
மரணப் பட்டியல்: படுமோசம். பிணத்தைப் பார்த்துக் காரணம் சொன்ன கிழவிகளுக்கு ஒரு கோப்பை ஏல் பியரும் கொஞ்சம் காசும் கொடுத்தால் சிபிலிஸ் சயரோகமாகிவிடும். இந்தப் பட்டியல்களை ஆராய்ந்த ஜோன் கிரான்ட் 1662இலேயே இதைச் சொல்லிவிட்டார். (மானத்துக்குப் பயந்து நோயை மாற்றிச் சொல்வது நம் தோட்ட லயங்களிலும் இல்லையா என்ன!)
ஆஸ்பத்திரிப் பதிவு: அன்றைய வைத்தியமான பாதரசம் கொடுத்து, எச்சில் ஒழுக ஒழுக வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். நோயில்லாமல் யார் போய்ப் படுப்பார்?

குறை
பணக்காரர் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார்கள். அதனால் ஆஸ்பத்திரிக் கணக்கு தருவது குறைந்தபட்ச அளவுதான். அப்படியிருந்தும், 1770களின் லண்டனில் 35 வயதுக்குள் ஐந்தில் ஒருவருக்கு மேல் சிபிலிஸ் கண்டிருக்கும் என்று வரலாற்றாய்வாளர்கள் சைமன் ஸ்ரெட்டரும் கெவின் சியேனாவும் கணித்தார்கள். இங்கிலாந்தின் செஸ்டர் என்ற சிறு நகரில் சுமார் 8 வீதம்தான்.

சரி, எதை எடுப்பது? எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிப் பதிவு. ஊர் எதை மறைத்தது என்று எழுதப் போகிறீர்களா, மரணப் பட்டியலே போதும்.