ஃபண்டட் அக்கவுண்ட் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்க ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்த) சந்தையில் ப்ராப் நிறுவனங்கள் வழியாக, அதாவது கட்டணம் வாங்கித் தேர்வு வைத்து, தேறினால் தங்கள் கணக்கில் டிரேட் செய்யவிட்டு லாபத்தில் பங்கு தரும் நிறுவனங்கள் வழியாக டிரேட் செய்கிறவர்களுக்கும், செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. எவாலுவேஷன் என்கிற அந்தத் தேர்வில் தேறியதும் "எந்த வகை ஃபண்டட் அக்கவுண்ட் (தேறியவருக்குத் தரும் கணக்கு) வேண்டும்?" என்று ஒரு பக்கம் வரும். என்னை ஏமாற்றியது அந்த இடத்தில்தான். நான் நேரடியாகக் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னார்கள். அதை நம்பி எடுத்த கணக்கை, அந்தப் பதிலுக்கு நேர்மாறான விதியைக் காட்டி மூடினார்கள். கார்டு வங்கியில் புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே அமைப்பு பல நிறுவனங்களிலும் இருக்கிறது, அதனால் பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் உதவும்.

நான் எடுத்தது 50,000 டாலர் எவாலுவேஷன். லாப இலக்கு 3,000, டிராடவுன் 2,500. டிராடவுன் என்பது கணக்கு எவ்வளவு இறங்கலாம் என்ற வரம்பு, அந்தக் கோட்டைத் தொட்டால் கணக்கு போய்விடும். எவாலுவேஷன் முடியும்வரை அந்த டிராடவுன் கோடு நாள் முடிவில் மட்டும்தான் நகர்ந்தது. சந்தை மூடும்போது கணக்கில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக் கோட்டை ஏற்றுவார்கள். பகலில் ஒரு டிரேட் எவ்வளவு லாபம் காட்டிவிட்டு இறங்கினாலும் கோடு அசையாது. தேறிய பிறகு இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றில் தினசரி நஷ்ட வரம்பு இல்லை, பேஅவுட்டும் (லாபத்தைக் கையில் எடுப்பது) சீக்கிரம் கேட்கலாம். இன்னொன்றில் தினசரி வரம்பு உண்டு, பேஅவுட்டுக்குக் காத்திருக்க வேண்டும், கட்டணமும் கூடுதல். டிராடவுன் என்ற வரியில் மட்டும் இரண்டுக்கும் ஒரே வாசகம்: 2,500 டாலர், ட்ரெய்லிங், அதாவது லாபம் ஏற ஏற கோடும் பின்னாலேயே ஏறும். அது எப்போது நகரும் என்று எங்கும் எழுதவில்லை.

அதனால் சாட்டில் கேட்டேன்: முதல் வகையிலும் டிராடவுனை நாள் முடிவில்தான் கணக்கிடுவீர்களா? ஆமாம், எவாலுவேஷனில் இருந்த அதே முறைதான், தினசரி வரம்பு மட்டும்தான் வித்தியாசம் என்று பதில் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டுதான் 149 டாலர் ஆக்டிவேஷன் கட்டணத்தைக் கட்டினேன். அந்தப் பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது.

கணக்கு போன காலையை எண்களோடு சொல்கிறேன், அப்போதுதான் இந்த விதி எப்படிக் கடிக்கிறது என்பது புரியும். கமிஷனை விட்டுவிடுகிறேன். எங்கள் டாலஸ் நேரம் எட்டரைக்குப் பங்குச் சந்தை திறந்ததும் நாஸ்டாக் குறியீட்டின் ஃபியூச்சர்ஸான நாஸ்டாக் ஈ-மினியில் இரண்டு காண்ட்ராக்ட் வாங்கினேன். ஒரு காண்ட்ராக்டுக்குப் புள்ளிக்கு 20 டாலர், இரண்டுக்கும் சேர்த்து 40. விலை 45 புள்ளி ஏறியது. திரையில் 1,800 டாலர் லாபம். அங்கிருந்து சரியத் தொடங்கியதும் 10 புள்ளி லாபத்தில் வெளியே வந்தேன். கையில் 400, கணக்கில் 50,400. சாட்டில் சொன்னபடி பார்த்தால் கோடு 47,500இல் இருக்கிறது, கீழே 2,900 டாலர் இடம் இருக்கிறது. மறுபடி இரண்டு காண்ட்ராக்ட் வாங்கி 30 புள்ளி கீழே ஸ்டாப்லாஸ் (விலை அங்கே இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டேன். அடித்தால் 1,200 போகும், தாங்கக்கூடிய தொகைதான். ஆனால் ஸ்டாப்லாஸ் வருவதற்கு முன்பே, 27.5 புள்ளி இறங்கிய இடத்தில் பொசிஷன் தானாக மூடியது. மேலே ஒரு சிவப்புப் பட்டை: விதிமீறல், கணக்கு முடக்கப்பட்டது.

அவர்கள் போட்ட கணக்கு இது. முதல் டிரேடில் திரையில் தெரிந்த உச்சத்தை வைத்து என் கணக்கு 51,800ஐத் தொட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அதில் 2,500 கழித்தால் 49,300. கோடு அந்த நொடியே அங்கே ஏறிவிட்டது. நான் வாங்கவே வாங்காத லாபத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது, பிறகு இறங்கவில்லை. ஆக இரண்டாவது டிரேடுக்கு எனக்கு இருந்த இடம் 1,100 டாலர்தான். நாற்பதால் வகுத்தால் 27.5 புள்ளி. 50,000 டாலர் கணக்கு என்று பெயர், 700 டாலர் நஷ்டத்தில் முடிந்துபோனது. நாள் முடிவு முறையாக இருந்திருந்தால் ஸ்டாப்லாஸ் முழுதாக அடித்து 49,200க்கு வந்திருந்தாலும் மறுநாள் 1,700 டாலர் இடத்தோடு தொடர்ந்திருக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டோடு மின்னஞ்சல் அனுப்பினேன். சாட் பதில்கள் பொதுவான தகவலுக்கு மட்டும், ஒப்பந்த விதிமுறைகளே இறுதியானவை என்று பதில் வந்தது. விதிமுறையில் எந்த இடம் என்று கேட்டால், நீளமான ஆவணத்தின் நடுவில் ஒரு வாக்கியம்: கைக்கு வராத லாபமும் உச்சத்தில் சேரும். அதன் கீழேயே, மறுபடி எவாலுவேஷன் எடுக்க ஒரு தள்ளுபடிக் கூப்பன். எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக அல்ல, அந்தக் கூப்பனைப் பார்த்துத்தான். தவறான தகவல் கொடுத்தது தங்கள் ஆள் என்று தெரிந்தும் அதை இன்னொரு விற்பனையாக்கப் பார்க்கிறார்கள்.

டிராடவுனில் மொத்தம் மூன்று வகை உண்டு. முதலாவது, நொடிக்கு நொடி உச்சத்தைத் துரத்துவது. இரண்டாவது, நாள் முடிவில் மட்டும் நகர்வது. மூன்றாவது, போட்ட இடத்திலேயே நிற்பது. மூன்றாவது அபூர்வம், கிடைத்தாலும் வரம்பு சிறியதாக இருக்கும். துரத்துகிற வகையில் பெரும்பாலும் கோடு ஆரம்பத் தொகைக்கு 100 டாலர் மேலே போனதும் நின்றுவிடும். 50,000 கணக்கில் 2,500 டிராடவுன் என்றால், உச்சம் 52,600ஐத் தொட்டால் கோடு 50,100இல் பூட்டிக்கொள்ளும். அதுவரை பெரிய காண்ட்ராக்டைத் தொடாமல் மைக்ரோவில் இருப்பதே நல்லது. நாஸ்டாக் மைக்ரோ புள்ளிக்கு 2 டாலர், ஈ-மினியில் பத்தில் ஒரு பங்கு. ஏனென்றால் உங்களிடம் இருப்பது 50,000 அல்ல, 2,500. பெரிய எண் விளம்பரத்துக்கு.

பேஅவுட் எடுக்கும்போது இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. கோடு 50,100இல் பூட்டியிருக்கிறது, கணக்கில் 53,000 இருக்கிறது என்று வையுங்கள். 2,000 எடுத்தால் கணக்கு 51,000க்கு வரும், கோடு கூடவே இறங்காது. மிஞ்சும் இடம் 900 டாலர். முதல் பேஅவுட்டோடு பல கணக்குகள் சாவது இப்படித்தான். அப்புறம் கன்சிஸ்டன்சி விதி, ஒரே நாள் லாபம் மொத்த லாபத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. 40 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரே நாளில் 2,000 சம்பாதித்தவர் மொத்த லாபத்தை 5,000க்குக் கொண்டுபோகாமல் ஒரு காசு கேட்க முடியாது. சில நிறுவனங்கள் எவாலுவேஷனில் இந்த விதியை வைக்காமல் ஃபண்டட் கணக்கில் நுழைக்கின்றன.

இந்தத் தளங்களின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில், ஃபியூச்சர்ஸ் சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான சி.எஃப்.டி.சி.யின் விதி 4.41 பற்றி ஒரு பத்தி இருக்கும். கற்பனையான அல்லது சிமுலேட்டட் டிரேடிங் பற்றிய எச்சரிக்கை அது. தயவுசெய்து படியுங்கள். ஃபண்டட் என்று சொல்லும் பல கணக்குகள் சிமுலேஷன்தான். உங்கள் ஆர்டர் சிகாகோ எக்ஸ்சேஞ்சுக்குப் போவதே இல்லை, பேஅவுட் நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து வருகிறது. தோற்பவர்கள் கட்டும் கட்டணம்தான் பெரிய வருமானம் என்றால், கணக்கு சீக்கிரம் சாகிற விதியை அவர்கள் ஏன் தெளிவாக எழுதப்போகிறார்கள்?

நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கூப்பன் கோடு போடுகிறவர்களையும் கவனியுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. இன்னொன்று: ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் ஃபண்டட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தப் பணத்தை முதலீடு செய்வது வேறு. இங்கே உங்களைச் சுயாதீன ஒப்பந்தக்காரராகச் சேர்த்து, ஆண்டு முடிவில் 1099 என்ற வரிப் படிவத்தை அனுப்புகிறார்கள். அது வேலை செய்து வாங்கிய சம்பளமாகப் பார்க்கப்படலாம். கூப்பன் போடுகிற யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆக்டிவேஷன் கட்டும் முன் சாட்டில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள், எண்ணோடு கேளுங்கள்: "இந்த வகை ஃபண்டட் கணக்கில் 50,000 இருக்கும்போது ஒரு திறந்த டிரேட் 1,800 லாபம் காட்டி, நான் 400இல் மூடினால், அந்த நிமிடம் என் டிராடவுன் கோடு எந்த எண்ணில் இருக்கும்?" 47,500 என்று வந்தால் நாள் முடிவு முறை. 49,300 என்று வந்தால் துரத்துகிற முறை. எண் சொல்லாமல் உதவிப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் பணம் கட்டாதீர்கள். விதிமுறைப் பக்கத்தையும் அன்றைய தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள், அதைச் சொல்லாமல் மாற்றும் உரிமையைப் பல நிறுவனங்கள் தங்களுக்கு வைத்துக்கொள்கின்றன.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி சேவை தரவில்லை என்று தகராறு எழுப்பலாம். அந்தக் கட்டணம் வந்த முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பது பாதுகாப்பு. தகராறு எழுப்பினால் அந்த நிறுவனத்தில் உங்கள் மற்ற கணக்குகளும் மூடப்படலாம், அங்கே பேஅவுட் பாக்கி இருந்தால் முதலில் அதை வாங்கிவிடுங்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுக்கலாம், நானும் கொடுத்திருக்கிறேன். நான் ஒப்புக்கொண்டு கிளிக் செய்த பதிவை நிறுவனம் வங்கிக்கு அனுப்பியிருக்கிறது. நான் சாட் உரையாடலை முழுதாக அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.