கிளாஸ் அயனோமரா, காம்போசிட்டா?

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் உள்ள எங்கள் கிளினிக்குக்குப் போன வாரம் ஒரு பாட்டி பேரனைக் கூட்டி வந்தார். பால்பல்லில் சொத்தை. குழியை அடைக்க கிளாஸ் அயனோமர், காம்போசிட் என்று இரண்டு பொருள்கள் உண்டு என்றேன். "ரெண்டும் வெள்ளை சிமெண்டுதானே டாக்டரம்மா, எதை வச்சா என்ன?" என்று கேட்டார். அப்படியில்லை.

கிளாஸ் அயனோமர், ஃப்ளோரைடு உள்ள அலுமினோசிலிகேட் கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலமும் சேர்ந்தது. 1972இல் வில்சன், கென்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்த பொருள். குழைத்ததும் அமிலம் துகளின் மேற்பரப்பைக் கரைக்கிறது. வெளிவரும் கால்சியமும் அலுமினியமும் அமிலச் சங்கிலிகளைக் கோத்து இறுக்குகின்றன. அதே அமிலம் பல்லின் கால்சியத்தையும் பிடித்துக்கொள்வதால் தனிப் பசை தேவையில்லை. லேசான ஈரத்தைத் தாங்கும், ஃப்ளோரைடையும் மெல்ல வெளிவிடும். ஆனால் கலவை பளபளப்பாக இருக்கும்போதே குழியில் வைத்துவிட வேண்டும். மினுமினுப்பு மங்கிவிட்டால் சரியாக ஒட்டாது. அப்புறம் மேலே வார்னிஷ் பூசுவோம்.

காம்போசிட் என்பது நுண்துகள் கலந்த பிசின். அதற்குப் பல்லில் அமிலம் தடவி, கழுவி, உலர்த்தி, பசை பூசி, சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து நீல ஒளி காட்டி இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். தேய்மானத்தைத் தாங்குவதிலும் அழகிலும் அதுதான் மேல். பெரியவர்களின் கடைவாய்ப்பல்லுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

பேரனுக்கு வயது ஐந்து, நாக்கு ஒரு நிமிடம் அடங்கவில்லை. கிளாஸ் அயனோமரே வைத்தேன். ஒரு மணி நேரம் எதையும் கடிக்கக் கூடாது என்றதும், பாட்டி கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்து மூடினார்.