கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டி: கொடுத்த காசுக்குத் தகுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களின் படையும் லிங்கனின் வடக்குப் படையும் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் மோதிய களத்தை வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்தோம். முதலில் பண விஷயம். கட்டணம் தலைக்கு அல்ல, காருக்கு. ஒரு காரில் ஆறு பேர் வரை போகலாம் என்பதால் குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கட்டுபடியாகும். தனி ஆளுக்குக் கனம்தான். போர்க்களத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனி டிக்கெட். சுற்று முடிந்ததும் வழிகாட்டிக்கு அன்பளிப்பாக ஏதாவது கொடுப்பது அங்கே வழக்கம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேவையின் விசேஷம், வழிகாட்டியே நம் காரை ஓட்டுவார் என்பது. என் மாப்பிள்ளை சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வழிநெடுக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எனக்கு முன் இருக்கை கிடைத்தது. முப்பது வருடம் கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்திய கிழவிக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

1915 முதல் இந்த உரிம முறை நடைமுறையில் இருக்கிறது. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் எழுதித் தேறியவர்களுக்குத்தான் உரிமம். எங்களுக்கு வந்தவர் பணி ஓய்வு பெற்றவர். வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, இந்தப் போரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டார். நல்ல ஆசிரியர் செய்கிற வேலை. அங்கேயே பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

1863 ஜூலை 1, 2, 3. மூன்று நாள் சண்டையை இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். முதல் நாள் சண்டை நடந்த மேற்குப் பக்கத்தில் அவர் வேகமாகப் போய்விட்டார். வடக்கின் புஃபோர்டுடைய குதிரைப்படை ஏன் இறங்கி நின்று சுட்டது, வடக்குத் தளபதி ரெய்னால்ட்ஸ் எந்த இடத்தில் குண்டுபட்டு விழுந்தார், அவ்வளவுதான். வடக்குப் படைக்குத் தலைமை தாங்கிய மீட் அந்தப் பதவிக்கு வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது என்பதை மட்டும் நிறுத்திச் சொன்னார்.

லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றின் மேல்தான் இந்தச் சேவையின் அருமை தெரிகிறது. கழுகுமலையைப் பார்த்த கண்ணுக்கு அது மலையே அல்ல. ஆனால் மேலே நின்றால் வடக்குப் படையின் வரிசை முழுவதும் கண்ணில் படுகிறது. அந்தக் குன்றில் தெற்குப் படை பீரங்கி ஏற்றியிருந்தால் அந்த வரிசையின் கதி என்ன என்பதை யாரும் விளக்கவே வேண்டியதில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் குன்று காவலின்றிக் கிடந்ததைக் கவனித்தவர் வடக்குப் படையின் வாரன் என்ற பொறியாளர். ஆளனுப்பி உதவி கேட்டார். வின்சென்ட் தன் படையை மேலே ஏற்றினார், அங்கேயே படுகாயமடைந்து சில நாளில் இறந்தார். குண்டுகள் தீர்ந்த நிலையில் துப்பாக்கி முனைக் கத்தியோடு சரிவில் பாய்ந்த இருபதாவது மெய்ன் ரெஜிமென்டும் அதன் தலைவர் சேம்பர்லெயினும் புகழையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள் என்று எங்கள் வழிகாட்டிக்கு ஒரு குறை. சேம்பர்லெயின் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். ஆகையால் இந்த விவாதத்தில் நான் நடுநிலையாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாளுக்கு வர்ஜீனியா நினைவுச்சின்னத்தில் காரை நிறுத்தினார். குதிரை மேல் தெற்குப் படையின் தலைவர் லீ. அவர் பார்த்திருக்கும் திசையில் திறந்த வயல், கிட்டத்தட்ட ஒரு மைல். அவருடைய தளபதி லாங்ஸ்ட்ரீட் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அந்த வயலில் நடக்க அனுப்பினார் லீ. ஏறத்தாழ பாதிப் பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். மூன்று நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர் இப்படி இழப்புக் கணக்கில் சேர்ந்தார்கள். பேரன் அந்த வயலைக் கடந்து பார்க்க வேண்டும் என்றான். வழிகாட்டி சரி என்றார், நேரம்தான் விடவில்லை.

இனி என் புகார். நாமாகக் கேட்காவிட்டால் இரண்டு மணி நேரமும் எந்த ரெஜிமென்ட் எந்த வேலியைத் தாண்டியது என்பதிலேயே போய்விடும். லீ எதற்காக வடக்கே வந்தார் என்று நான்தான் கேட்டேன். உடனே மனிதர் வேறு ஆளாகிவிட்டார். போரால் நைந்த வர்ஜீனிய விவசாயிகளுக்கு ஓர் அறுவடைக்காவது மூச்சுவிட நேரம் வேண்டும். பென்சில்வேனியாவின் தானியமும் குதிரைகளும் படைக்கு வேண்டும். வடக்கில் சமாதானம் பேசிவிடலாம் என்கிற கட்சிக்காரர்களின் கை ஓங்க வேண்டும். லீயின் படை வருகிற வழியில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பியதையும் அப்போதுதான் சொன்னார். மூன்றாம் நாள் தாக்குதல் வந்து மோதிய இடத்துக்கு அருகிலேயே ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் சிறு வீடு இருக்கிறது. படை வருவதற்கு முன்பே குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியவர். கேட்டிருக்காவிட்டால் அந்த வீட்டை வெறும் வெள்ளைக் கட்டடமாகப் பார்த்துவிட்டுக் கடந்திருப்போம்.

மொத்த உள்நாட்டுப் போரின் திருப்புமுனை கெட்டிஸ்பர்க்தானா என்பதிலும் அவரோடு எனக்குத் தகராறு. என் கணக்கில் அது 1862 செப்டம்பர் 17, மேரிலாந்தில் நடந்த ஆன்டீட்டம் சண்டை. ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் இழப்பு. யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை, ஆனால் லீ பின்வாங்கினார். லிங்கனுக்கு அது போதும். ஐந்தே நாளில் அடிமை விடுதலை அறிவிப்பின் முன்வடிவை வெளியிட்டார். 1863 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்த பிறகு, அடிமை முறைக்காகப் போராடும் தெற்குக்கு பிரிட்டன் வெளிப்படையாகக் கை கொடுப்பது கடினமாகிவிட்டது. கறுப்பினத்தவர் படையில் சேர வழி திறந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வழிகாட்டியோ, கெட்டிஸ்பர்க் முடிந்த மறுநாளே, ஜூலை 4 அன்று, வடக்குத் தளபதி கிராண்ட்டிடம் ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க் சரணடைந்து மிசிசிப்பி ஆறு வடக்கின் கைக்குப் போனதை எடுத்துப் போட்டார். நான் 1864 செப்டம்பரில் இன்னொரு வடக்குத் தளபதி ஷெர்மன், தெற்கின் முக்கிய நகரமான அட்லாண்டாவைப் பிடித்ததை எடுத்தேன். அந்தச் செய்தி வராமல் போயிருந்தால் நவம்பர் அதிபர் தேர்தலில் லிங்கன் எதிர்த்துப் போட்டியிட்ட மெக்கிளெலனிடம் தோற்றிருக்கவும் கூடும். பேரன் தூங்கிவிட்டான்.

கரிசல்காட்டுக்காரி என்பதால் பருத்தியையும் இழுத்தேன். தெற்குத் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் மறித்ததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தபோது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. எங்கள் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சும் அதில் பங்கு கண்டது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. இது அவருக்குப் புதிய செய்தி. குறித்துக்கொண்டார்.

சுற்று முடிந்த பிறகு நாங்களாகவே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1863 நவம்பர் 19 அன்று அதன் அர்ப்பணிப்பு விழாவில், அந்நாளின் புகழ்பெற்ற பேச்சாளர் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் இரண்டு நிமிடம். பள்ளி ஆண்டு விழாக்களில் சிறப்பு விருந்தினர்களாக வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். அருங்காட்சியகத்தில் இந்தச் சண்டையைக் காட்டும் 377 அடி நீள வட்ட ஓவியம் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக அதைப் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் போனால் இடங்கள் எளிதில் பிடிபடும். நாங்கள் அதைக் கடைசியில் வைத்தோம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு: பெரும்பாலான இடங்களில் கார் பக்கத்திலேயே நிற்கும். லிட்டில் ரவுண்ட் டாப்பைச் சீரமைத்து 2024-இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள், பாதை நன்றாக இருக்கிறது. வயல்களில் நிழல் கிடையாது, வெயில் காலத்தில் தொப்பி அவசியம். எங்கள் வழிகாட்டி பேசியது ஆங்கிலத்தில்தான். காது மந்தமானவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று, அரசியலைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததற்கு. முன்பதிவு செய்யும்போதே உங்களுக்கு எதில் ஆர்வம் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேளுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.