டிஎஸ்ஏ கருவியோடு 11 வருடம்

கேத் லேபில், அதாவது ரத்தக் குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் அறையில், டெக்னீஷியன் வேலை. 11 வருடமாக ஒரே டிஎஸ்ஏ கருவிதான். மற்றதையெல்லாம் கழித்துவிட்டு ரத்தக் குழாயை மட்டும் காட்டும் எக்ஸ்ரே கருவி அது. மேஜையில் படுப்பவர்களில் பாதிப்பேர் சர்க்கரையால் கால் புண்ணானவர்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் மூன்று ரத்தக் குழாய்களில் எது பாதம் வரை போய்ச் சேர்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். விரலை எடுப்பதா, காலைக் காப்பாற்ற முடியுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய் தெரிவதற்காக அதற்குள் ஏற்றும் மருந்துதான் டை. அது போகும் முன் ஒரு படம் எடுப்போம். அதுதான் மாஸ்க். டை போன பிறகு வரும் படங்களிலிருந்து கருவி அதைக் கழித்துவிடும். எலும்பு மறைந்து குழாய் மட்டும் நிற்கும். கால் மில்லிமீட்டர் குழாய்கூடத் தெரியும். சிடி ஆஞ்சியோவில் அந்த அளவு நுணுக்கம் கிடைக்காது. சுண்ணாம்பு படிந்த குழாய் என்றால் சிடி இன்னும் குழப்பும்.

ஆனால் நோயாளி இம்மி அசைந்தால் போச்சு. எலும்பின் ஓரமெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகப் பேய் மாதிரி எழுந்து, நமக்கு வேண்டிய குழாயை மூடிவிடும். பாதத்தில்தான் இது அதிகம். டை இறங்கும்போது கால் எரியும், தன்னை அறியாமல் இழுப்பார்கள். "அய்யா, காலை ஆட்டாதீங்க" என்றால், "நான் எங்கப்பா ஆட்டினேன், அதுவா ஆடுது" என்பார் பெரியவர். அவர் சொல்வதும் நிஜம்தான். ரத்தத்தின் சவ்வூடு அழுத்தத்துக்கு ஈடான ஐயோடிக்சனால் என்ற டை வந்த பிறகு எரிச்சல் நன்றாகவே குறைந்தது. விலைதான் கூடுதல். உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் பிசுபிசுப்பு குறைந்து சுலபமாக இறங்கும்.

1896 ஜனவரியில், ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த சில வாரங்களிலேயே, வியன்னாவில் ஹாஷெக்கும் லிண்டென்தாலும் ஒரு பிணத்தின் கையில் சுண்ணாம்புக் கலவையை ஏற்றி ரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்கள். ஒரே படத்துக்கு 57 நிமிடம். பிணம் ஆடாது, கொடுத்து வைத்தவர்கள்.

கேவியையும், அதாவது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும், கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயின் ஆற்றல் 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் டையில் உள்ள அயோடின் அதை வெகுவாக உறிஞ்சும். எழுபது கேவியை ஒட்டி ஓடினால் டை கறுகறுவென்று விழும். பருத்த உடம்பு என்றால் கருவி தானே கேவியை ஏற்றிவிடும், நுண்குழாய்கள் சாம்பலாகிக் கரைந்துவிடும். உடனே ஜூம் செய்யத் தோன்றும். ஜூம் செய்தால் கதிர்வீச்சும் ஏறும். இரண்டு படத்தைக் கழிப்பதால் இரண்டின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். அதை அடக்கவே டிஎஸ்ஏ படம் ஒவ்வொன்றுக்கும் சாதாரண ஃப்ளோரோவைவிட, அதாவது ஓடும் எக்ஸ்ரே படத்தைவிட, பல மடங்கு கதிர்வீச்சு டோஸ் போகிறது. கதிர்வீச்சைத் தடுக்கும் காரீய ஏப்ரனைச் சுமந்து என் இடுப்பு போனது தனிக்கதை.

குறை என்றால் பொறுமையைச் சோதிப்பதுதான். மேலே அடைப்பு இருந்தால் டை பாதத்துக்கு வர அரை நிமிடம்கூட ஆகும். ஆரம்பத்தில் அவசரப்பட்டு, படமெடுக்க மிதிக்கும் பெடலிலிருந்து காலை எடுத்து, 'குழாயே இல்லை' என்று ஒரு ரன்னை, அதாவது ஒரு படத் தொடரை, முடித்திருக்கிறேன். டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். கடைசி நான்கு படத்தில் பாதத்தில் வளைந்தோடும் குழாய் நூலிழை போல வந்தது. இப்போது பாதத்தைப் பிளாஸ்திரி போட்டுப் பலகையோடு ஒட்டிவிட்டு, மாஸ்க்குக்கே இரண்டு மூன்று படம் கூடுதலாக எடுத்துவைக்கிறேன். ஒன்று ஆடியிருந்தால் இன்னொன்றை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.