மூலதனமாக்கல் முறை: டெல்டாவில் கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

கும்பகோணம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைப் பக்கம் வங்கிக் கடனுக்காகச் சொத்து மதிப்பீடு செய்கிறேன். வருமானத்தை வைத்துச் சொத்தின் மதிப்பைக் கணக்கிடுவதுதான் மூலதனமாக்கல் முறை. பல வருஷமாக இந்த முறையோடு புழங்கியதில் சொல்கிறேன்: கணக்கு பிசகில்லை. அதற்குள் போடும் விகிதமும் வருமானமும்தான் பாடு.

புத்தகப்படி, ஆண்டு நிகர வருமானத்தை விகிதத்தால், அதாவது போட்ட பணத்துக்கு வாங்குபவர் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் வருவாய்ச் சதவீதத்தால், வகுத்தால் மதிப்பு வந்துவிடும். கடைத்தெருவில் ஒரு கடை, எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் நிற்கிறது என்று வையுங்கள். 8 சதவீதம் போட்டால் 18.75 லட்சம், 5 சதவீதம் போட்டால் 30 லட்சம். கடையும் அதேதான், வாடகையும் அதேதான். விகிதத்தைச் சந்தை விற்பனையிலிருந்து எடு என்கிறது புத்தகம். இங்கே பல பத்திரங்களில் ஏறுவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு. கைமாறிய தொகை தரகருக்குத்தான் தெரியும். அவரிடம் விசாரிக்காமல் நான் விகிதம் போடுவதில்லை.

வாடகையை மட்டும் பார்த்தாலும் போதாது. பெரிய அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வாடகையைக் குறைத்திருப்பார்கள். அந்த அட்வான்ஸுக்கான வட்டியையும் வருமானத்தில் சேர்க்க வேண்டும். கும்பகோணத்தில் அடிமனை கோயிலுடையதா என்றும் கேட்டாக வேண்டும். அப்படியென்றால் மனை வாடகையைக் கழித்து, கட்டடத்துக்கு மட்டும்தான் மதிப்பு. இத்தனையும் சரிபார்த்தால் கடைகளுக்கு இந்த முறையை நான் முழுசாக நம்புவேன்.

குடியிருக்கும் வீட்டுக்கு இது ஆகாது. யாரும் வாடகையைக் கணக்குப் பார்த்து வீடு வாங்குவதில்லை.

நஞ்சைக்குக் குத்தகை, 'மா' என்ற நில அளவுக்கு இத்தனை மூட்டை நெல் என்றுதான் பேச்சு. போர்செட் இல்லாத வயலில் ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா மட்டும். 2016இல் பருவமழையும் பொய்த்து சம்பாவே கருகியது. ஒரே வருஷக் குத்தகையை வைத்து மதிப்பு எழுதுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். பைபாஸ் ஓரமென்றால் மனைக்கட்டு விலைதான் பேசும், நெல் பேசாது. இருந்தாலும் குத்தகைக் கணக்கைப் போட்டுவிடுவேன். தவணையை அந்த வருமானம் தாங்குமா என்று வங்கிக்குச் சொல்ல அது வேண்டும்.

இந்த முறையின் அருமை தெரிந்தது தென்னந்தோப்பில். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்தபோது, ஒப்பிட விற்பனையே இல்லை. கன்று வைத்து ஏழாம் வருஷம்தான் வருமானம் என்றால், 10 சதவீத விகிதத்தில் ஆண்டு வருமானத்தின் பத்து மடங்கு என்பது இன்றைய மதிப்பில் சுமார் 5.6 மடங்காகிவிடும். கன்று, குழி, தண்ணீர்ச் செலவு அதிலும் போகும். காய்க்கிற மரம், குருத்து முறிந்த மரம், கன்று என்று தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குப் போட வேண்டும். உரிமையாளரின் காய் வெட்டு நோட்டை வாங்கிப் பார்க்காமல் தோப்பு அறிக்கையில் நான் இன்றும் கையெழுத்துப் போடுவதில்லை.